எந்த லைன்?

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தோட்டத் தொழிலாளி. நான்கு நாளாக விடாத மழை. ஒவ்வொரு வளைவிலும் அவர் குனிந்து, ஜன்னல் வழியே மேலே மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் கையில் ஆங்கிலப் பத்திரிகையைக் கண்டதும் ஒரு காகிதத்தை நீட்டினார். தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை யாரோ பார்த்தெழுதிக் கொடுத்திருந்தார்கள். மண்சரிவு அபாயம் இருப்பதால் லைனுக்குக் கீழே இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன்.

“எந்த லைன் சேர்? நாங்க குடியிருக்கிற வரிசை வீடும் லைன்தான். கரண்டுக் கம்பியும் லைன்தான். மலையில செவப்புப் பெயிண்டுல கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க, அதுவும் லைன்தானே.”

“உங்கட வீடு எங்க இருக்கு?”

“கம்பிக்கு மேல, கோட்டுக்குக் கீழ.”

“கரண்ட் லைனாத்தான் இருக்கும்,” என்றேன், யோசிக்காமலே.

“அப்ப நாங்க இருக்கலாம்.” காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அதன்பிறகு அவர் மலையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குடையை உதறும்போதுதான், மலையில் சிவப்புக் கோடு போட்டது மண்சரிவு எல்லையைக் காட்டத்தான் என்று எனக்கு உறைத்தது. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அவர் திரும்பிப் போகக்கூடிய கடைசித் தெல்தோட்டை பஸ்ஸும் போய்விட்டிருந்தது. அவருடைய பெயரையோ தோட்டத்தையோ நான் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அந்தப் பக்கம் மண் சரிந்ததாகச் செய்தி வந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. ஆங்கிலம் படித்தவன் என்று நம்பிக் கேட்ட மனிதரிடம், தெரியாது என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?