நக்கிப் பார்த்த கரண்டி

செவிலியர் பள்ளி ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அயோடின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக விரல் நுனி அயோடின் கறையில் பழுப்பேறிக் கிடந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? சோதனைக் குழாய் கழுவுவது, கரைசல் காய்ச்சுவது, பாட்டிலுக்கு எண் ஒட்டுவது எல்லாம் அவள்தான். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். நிரந்தர ஆணை பள்ளி முதல்வரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தால் மறுநாளே கையெழுத்து என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அக்காவின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு பழக்கம் உண்டு. மாவுக் கரைசல் காய்ச்ச ஆரம்பித்தால் ஆய்வகத்தை மறந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பஸ் ஓட்டும் கணவருக்கு வீட்டில் கஞ்சி காய்ச்சுகிற அதே கைதானே! வெந்ததா என்று கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியால் கிண்டிவிடுவாள். ஆய்வகத்தில் வழக்கமாக அதற்குப் பிறகு கரைசல் நன்றாகக் கொதிக்கும். எந்த வம்பும் வராது. இந்தத் தடவை தேர்வுக்கு முந்தின நாள் பாதியில் காஸ் தீர்ந்துவிட்டது. ஆறிப்போன கரைசலை நக்கிப் பார்த்தாள், வெந்துதான் இருந்தது. ஒரு கிண்டு கிண்டி, பாட்டிலில் ஊற்றி, நான்கு என்று எண் ஒட்டினாள்.

முட்டை வெள்ளைக்கரு ஒன்று, குளுக்கோஸ் இரண்டு, எண்ணெய் மூன்று, மாவு நான்கு. எண்ணை மட்டும் பார்த்து, உள்ளே என்ன என்று மாணவிகள் சோதித்துச் சொல்ல வேண்டும். ஆனால் வருஷா வருஷம் இதே வரிசைதான். மாற்றி ஒட்ட அவளுக்குச் சோம்பல். இந்தச் சங்கதி மாணவிகளுக்கெல்லாம் அத்துபடி.

அன்று நான்காம் பாட்டில் நான்கு பேருக்கு விழுந்தது. மூன்று பேர் ‘அயோடின் விட்டேன், நீலம் வந்தது, மாவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்காவது ஆள் வார்டம்மா. பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை தட்டிப் போடுகிறவள். செவிலியராக வேண்டும் என்று நாற்பது வயதில் படிக்க வந்து, இரண்டு தடவை தோற்று, கடைசி வாய்ப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதியது: ‘நீலம் வரவில்லை. சர்க்கரைக்கான சோதனையில் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை.’

தேர்வாளர் அம்மாள் விடைப்பட்டியலைப் பார்த்தார், பெருக்கல் குறி போட்டார்.

“நான் பாத்ததத்தான் எழுதினேன் மேடம்.” வார்டம்மா தன் விடைத்தாளைத் தொட்டுக் காட்டினாள்.

“நாலாவது மாவும்மா. மத்த மூணு பேருக்கு நீலம் வந்திருக்கே.”

தொட்டியில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. பாட்டிலில் மிச்சமிருந்ததில் இரண்டு சொட்டு அயோடின் விட்டாள். மஞ்சள், வெறும் மஞ்சள். காஸ் தீர்ந்ததும் கரண்டியை நக்கியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொட்டிக் கழுவிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆணையில் கையெழுத்து விழுந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் அவள் தன்னையே வெறுத்தாள். பிறகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“மேடம், அவங்க எழுதினதுதான் சரி. தப்பு என்னோடது. கரண்டிய நக்கிட்டுக் கிண்டிட்டேன்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்க, இன்னொரு தடவ நக்கிக் காட்டுங்க.”

எல்லோர் முன்னாலும் புதிதாக மாவு காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அக்கா கரண்டியை நக்கிக் கிண்டினாள். மானம் போனது. அரைமணி நேரம் கழித்து அயோடின் விட்டால், நீலத்தின் சாயல்கூட இல்லை.

“செடி வெயில்ல சம்பாதிச்ச சர்க்கரைய மாவா கட்டிச் சேத்து வைக்குது. நம்ம எச்சில்ல இருக்கற நொதி அந்தக் கட்ட அவுத்து மறுபடி சர்க்கரையாக்கிடுது. கொதிச்சா நொதி செத்துடும், ஆறினதுல கலந்தா வேலையக் காட்டிடும்,” என்றார் தேர்வாளர். சிரிப்பை அடக்கிக்கொண்டே பெருக்கல் குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். நீலத்தைக் கனவில் கண்ட மூன்று பேருக்கும் பூஜ்யம்.

வார்டம்மா அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை. முதல்வருக்கு நிறையவே வந்தது. “ஆய்வகத்துல நக்கிப் பாத்துட்டு நிரந்தரம் கேட்டா எப்படிம்மா?” என்று ஆணையை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்.

வீட்டில் அக்கா அழுதுகொண்டே சொல்ல, கணவர் விக்கல் வரும்வரை சிரித்தார். அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். மறுநாள் காலை, ரோஷத்தோடு தனிக் கரண்டி வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். இறக்கி ஆறிய பிறகு வழக்கம்போல் நக்கிக் கிண்டவும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கஞ்சி கெட்டியாக நின்றது.

கணவர் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

“என்ன, நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. எப்பவும் லேசா ஒரு இனிப்பு இருக்குமே, அது எங்க? நீ ஏதோ ரகசியமா போடறன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்.”

“அதான் நேத்தே சொன்னேனே. அது என் எச்சில்.”

“தெரியுது. போடு.” கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அக்கா கரண்டியை நக்கினாள், கிண்டினாள். “கொஞ்ச நேரம் பொறுக்கணும்.”

“ஒரு வருஷமே பொறுக்கப் போறோம். இதுக்குப் பொறுக்க மாட்டேனா?”