டீச்சர் இருக்காங்களா

ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களில் ஒன்றில் நானும் கணவரும் இருக்கிறோம். அடுத்ததில் அவருடைய பெற்றோர். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வெறும் வெளி.

கல்யாணமாகி வந்த புதிதில், கறியில் உப்புக் கூடிவிட்டது என்று கணவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"உருளக்கெழங்கு ஒன்ன வெட்டிப் போடு புள்ள, எடுத்துக்கும்" என்று சுவருக்கு அப்பால் இருந்து மாமி சொன்னார்.

"கொறைஞ்சிருந்தாலும் அவன் சொல்லுவான். வாயி அப்படி" என்றார் மாமா.

நாங்கள் சிரித்தோம். அந்தப் பக்கத்திலும் சிரித்தார்கள்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். லயத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமி ஒருவர்தான் புள்ள என்பார். கல்யாணம் நடந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. அந்த வயதில் புள்ள என்று கூப்பிடப்படுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

முதல் தடவை வயிற்றில் தங்கியதை மாமிதான் கண்டுபிடித்தார். மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் குடத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று பார்த்தவர், "கொடத்த இடுப்புல வைக்காம கையில தூக்கிட்டு வர்ற. எத்தன நாளு தள்ளிப் போயிருக்கு?" என்று கேட்டார். நான் அதுவரை கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டி உறுதியான பிறகு சொல்ல நினைத்திருந்தேன்.

மாமி ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் அம்மாமார் ஊறுகாய் கொண்டு வந்தார்கள்.

மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. அதையும் மாமிதான் எல்லோரிடமும் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். அதன் பிறகு பீலிக்கரைக்குப் போனால் ஆளுக்கொரு காரணம் காத்திருந்தது.

"டீச்சர் பஸ்ல போனதுதான். ராகல ரோட்டுக் குழிக்கு இரும்பே தங்காது" என்றாள் துணிக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி.

"வயசையும் பாக்கணும்ல" என்றாள் மற்றவள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாளி பாதி நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு தடவை நடந்தால் அது நம் இருவரோடு மட்டும் இருக்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். வேறு எதையும் நான் அவரிடம் கேட்டதில்லை. சரி என்றார்.

முதலில் கதவைச் சாத்திப் பார்த்தோம். எங்கள் லயத்தில் பகலில் கதவைச் சாத்துவது வழக்கமில்லை. சாத்தியிருந்தால் உள்ளே சண்டை என்று பொருள். சற்று நேரத்தில் மாமி வந்து தட்டினார். "டேய், அவள கிவள அடிச்சியா?" என்று கேட்டார். அடுத்த வீட்டுப் பெண்களும் பின்னால் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் பெற்றோரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார். நான் இந்தப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இனிமே வர்றப்ப வெளிய நின்னு ஒரு சத்தம் குடுங்க."

"எம் மகன் வீட்டுக்கு நான் சத்தம் குடுக்கணுமா? நான் என்ன தபால்காரனா?"

"தபால்காரன் சேதிய கொண்டாந்து குடுப்பான்" என்றார் மாமா. "நீ எடுத்துட்டுப் போறவ."

"நீங்க சும்மா இருங்க."

"எங்க ரெண்டு பேரு விசயம் எங்களோட இருக்கட்டும்மா. அவ்வளவுதான்."

மாமி "அவ சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருந்தான் சொல்றோம்" என்றார் கணவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகலையில் பலகை வாங்கி வந்து, சுவருக்கு மேலே இருந்த வெளியை அடைத்தார். மாமா அந்தப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பலகையைப் பிடித்துக்கொடுத்தார். "மூலையில இன்னொரு ஆணி அடிடா, உங்க வீட்டு வெளிச்சம் தெரியுது" என்று அவர் சொன்னதுதான் அங்கிருந்து கடைசியாகத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் வாசலில் குரல் கேட்டது. "டீச்சர் இருக்காங்களா?"

குரல் மாமியுடையது. நான் எழுந்து போனேன். படிக்குக் கீழே கீரைக் கட்டோடு நின்றார். "தோட்டத்துல பறிச்சது. வச்சிக்கிறீங்களா?" என்றார். உள்ளே வாங்க என்றேன். "இல்லீங்க, வேல கெடக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். நான் புள்ள இல்லை. நீங்க. டீச்சர். கேட்டதைக் கேட்டபடியே செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு இரண்டாம் தடவை தங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தேன், வீட்டுக்குள் வந்த பிறகுதான் கைக்கு மாற்றினேன். வாசலில் மாமி இருந்தார். நான் வருவதைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதையும் நாங்கள்தான் கேட்டிருந்தோம்.

அதுவும் தங்கவில்லை. நுவரெலியாவுக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் கழித்து வந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பீலிக்கரையில் என்னைப் பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை. நான் விரும்பியது அதுதான்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

"டீச்சர் இருக்காங்களா?"

"இருக்கேன் மாமி."

அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்தபடி நின்றார். தலையில் சாக்கு போட்டிருந்தார். முன்பென்றால் உள்ளே வந்திருப்பார். குளிர்ந்து கிடந்த என் காலைத் தொட்டுப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"பயிற்சி முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிஞ்சிருச்சு மாமி."

"நல்லதுங்க" என்றார். கையில் இருந்த ரொட்டித் தட்டைப் படியில் வைத்து, மழை படாமல் இன்னொரு தட்டால் மூடினார். பிறகு போய்விட்டார்.

கணவர் அடுப்படியில் இருந்து வந்து, "அம்மாகிட்ட சொல்லிருவமா?" என்று கேட்டார்.

யோசித்தேன். சொன்னால் அழுவார். அழுதால் வெளியே கேட்கும். "வேணாம்" என்றேன்.

அவர் ரொட்டியை எடுத்து வந்து வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டோம். பலகைக்கு அந்தப் பக்கத்தில் மாமா ஏதோ கேட்டார், மாமி ஏதோ பதில் சொன்னார். என்னைப் பற்றியாக இருக்கலாம், மழையைப் பற்றியாகவும் இருக்கலாம். ஒரு சொல்லும் விளங்கவில்லை.