கல்மண்டபத்தில் கேட்ட யோசனை

அன்று துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் ரீசார்ஜ் கடையில் நானும், கடைக்காரரான என் மாமாவும், அங்கே கைவிடப்பட்டு நிற்கும் கப்பலின் மால்டோவா நாட்டு மாலுமியும் இருந்தோம். அவருக்குச் சம்பளம் தர வேண்டிய கப்பல் முதலாளி மட்டும் எந்த ஊரிலும் இல்லை.

மாலுமிக்கு வெயிலில் தோலுரிந்த மூக்கு, பித்தான் அறுந்த நீலச் சட்டை. ஊரிலிருந்து அம்மா அழைத்தால், அவரே எதிரே வந்துவிட்டதைப் போல எழுந்து நின்றுதான் பேசுவார்.

அன்று பேசி முடித்தும் உட்காரவில்லை. அவர் நாட்டில் தேர்தலாம். தாங்கள் சொல்லும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் போனிலேயே பணம் அனுப்புவதாக, வெளியே ஒரு பெரிய நாட்டின் ஆட்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கட்சி பிடிக்காது. ஆனால் வீட்டில் குளிருக்கு விறகு வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம் என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா நைனா இம்மாம் பேஜாரு? நம்ம தெருவுல குடுக்கல? துட்ட வாங்கிக்கினு புடிச்சவனுக்குக் குத்தச் சொல்லு. உள்ள வந்து எவன் பாக்கப் போறான்?"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மாலுமி சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தேர்தல் முடிந்து வந்தவர், போன் அடித்ததும் எழுந்து நின்றார். எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

பிறகுதான் சொன்னார். அம்மா தனக்குப் பிடித்த கட்சிக்கே போட்டிருக்கிறார். ஆனால் போனில் பணம் வந்தது போலீசுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே வாங்கியவரையும் விடமாட்டார்களாம்.

"இன்னாடா சொல்றான்?" என்றார் மாமா.

நம் ரூபாய்க் கணக்கில் சொன்னேன். வந்தது ஐயாயிரம். அபராதம் ஒன்றரை லட்சம்.