பெரியப்பா மகள் சொன்ன ஒரு வார்த்தை

பெரியப்பாவுக்கு லாரி ஓடியது. அதனால் அவர் மகள் ஆறாம் வகுப்புக்கே சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியின் விடுதிக்குப் போனாள். அவள் வயதேயான நான் ராசிபுரத்து அரசுப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தேன்.

விடுமுறைக்கு அவள் வந்தாலே எனக்கு வயிறு எரியும். சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருப்பாள். மாரியம்மனைக் கும்பிடும் வீட்டில் இதென்ன பழக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அடக்கம் என்று மெச்சினார்கள். என் பள்ளியிலோ எதற்கும் ஏன் என்று கேட்கப் பழக்கினார்கள். பேச்சுப் போட்டியில் கோப்பைகூட வாங்கினேன். ஆனால் வீட்டில் அப்படிக் கேட்டால் வாயாடி என்ற பெயர்தான் கிடைத்தது. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அம்மா சொல்லாத கோடை இல்லை. ஒரு தடவை நானும் தட்டின் முன் கண்ணை மூடிப் பார்த்தேன். தூக்கம் வருதா என்று தம்பி கேட்டான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவளுக்கு வரன் வந்தது. அடக்கமான பெண், மறுபேச்சுப் பேசமாட்டாள் என்று பெரியப்பா வாக்கே கொடுத்துவிட்டார். அவள் எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

"கலியாணம் வேண்டாமுங்கப்பா. நான் படிக்கோணும்."

பெரியப்பா அதட்டினார், பெரியம்மா அழுதாள். அவள் குரலை உயர்த்தவேயில்லை. கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னாள். கடைசியில் பெரியப்பா ஓய்ந்துபோய், "செரி சாமி, படி" என்றார்.

அடுத்து எனக்கு வரன் வந்தது. நான் விட்டேனா? ஏன் வேண்டாம் என்று காரணம் காரணமாக அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா பதில் வைத்திருந்தார். வாதம் முற்றியதும், படிக்கவைத்ததே தப்பு என்று எழுந்துபோனார். தை மாதமே எனக்குக் கல்யாணம்.

மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியிலிருந்து வந்து எனக்குப் பூ வைத்துவிட்ட பெரியப்பா மகளிடம், அன்றைக்கு எப்படி அப்படி நின்றாய் என்று கேட்டேன்.

"எனக்கு உன்னையாட்டம் பேச வராது. அதான் ஒண்ணையே சொன்னேன்" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அவள்மீது இன்னும் ஆத்திரம் வந்தது. பள்ளிபாளையத்தில் என் மாமியார் வீட்டுத் தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. சில வருடம் கழித்து அவள் கல்லூரி ஆசிரியையான செய்தியை அங்கே தம்பி வந்து இரண்டு முறை கத்திச் சொன்னான். முதல் முறையே எனக்குக் கேட்டிருந்தது.