முப்பது அங்குல அடித்தகடு

எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று எங்கள் கம்பெனியின் வெப்சைட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொய் இல்லை. நியூஜெர்சியில் எடிசனிலிருந்து இருபது நிமிட டிரைவில் ஒரு பெரிய கிடங்கு. முன்பக்கம் ஆபீஸ். பின்பக்கம் மரம் அறுக்கிற இடம், வெல்டிங் ஷாப், துணியில் படம் அச்சடிக்கிற மெஷின். ட்ரேட் ஷோ என்கிற வர்த்தகக் கண்காட்சிகளில் கம்பெனிகள் போடுகிற பூத்களை வரைவது, செய்வது, பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றுவது எல்லாம் நாங்களேதான். நான் அங்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நிற்க வேண்டியது சாயாமல் நிற்குமா, தொங்க வேண்டியது விழாமல் தொங்குமா என்று கணக்குப் போட்டு டிராயிங்கில் முத்திரை வைப்பது என் வேலை.

ஒரே கூரையில் ஒரு தொல்லை உண்டு. வெளியே கொடுத்துச் செய்தால் ஒரு மாற்றத்துக்கு மெயில், புது டிராயிங், ஒப்புதல் என்று நாலு படி தாண்ட வேண்டும். எங்களிடம் காபி கப்போடு பின்பக்கம் நடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறுத்துவிடுவார்கள்.

அப்படி அடிக்கடி நடந்து போகிறவர் எங்கள் சேல்ஸ் மேனேஜர். சென்னைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மகள் பிறந்த பிறகு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்த என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதை மறக்க அவரும் விட்டதில்லை. ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. நாலு பேர் நடுவில் அவர் திடீரென்று தமிழுக்கு மாறினால், ஏதோ சரியில்லாத காரியம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்த் துறை ஷோவுக்கு, வால்வு செய்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் பூத் கேட்டிருந்தது. ஹாலின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பதினாறு அடி உயரக் கோபுரம் வேண்டும், அதன் உச்சியில் அவர்களுடைய நிஜ வால்வு உட்கார வேண்டும். வால்வு மட்டும் முந்நூறு பவுண்டு. மெல்லிய கோபுரம், தலையில் பெரிய கனம். அதனால் நாலடிக்கு நாலடி, தடித்த இரும்பில் அடித்தகடு போட்டிருந்தேன். பூத்தின் தரையை நாலு அங்குலம் உயர்த்தி, தகட்டை அதற்குள் மறைத்துவிடுவதாகத் திட்டம்.

கடைசி மாதத்தில் உயர்த்திய தரை வேண்டாம் என்று கிளையன்ட் சொல்லிவிட்டார்கள். தரை இல்லாவிட்டால் தகடு வெளியே தெரியுமே என்று சேல்ஸ் மேனேஜர் என்னிடம் வந்தார். தெரிந்தால் தெரியட்டும், மேலே கார்ப்பெட் ஒட்டிக்கொள்ளலாம், அளவில் மட்டும் கை வைக்க முடியாது என்றேன். பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "பார்த்துக்கலாம்" எனக்குள் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அந்த வாரம் என் மேஜையில் இன்னும் மூன்று பூத்கள் இருந்தன.

டெக்சாஸ் மாநிலத்தின் இன்ஜினியர் லைசென்ஸும் என்னிடம் இருந்ததால், டிராயிங்கில் உள்ளபடிதான் நிறுவப்பட்டிருக்கிறது என்று ஹால்காரர்களுக்குக் கையெழுத்துப் போட என்னையே அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். மறுநாள் ஷோ. அங்கே எங்களுக்காக வேலை செய்ய ஒரு உள்ளூர்க் குழு. அதன் தலைவி அறுபதை ஒட்டிய வயதுள்ள பெண்மணி. முதல் மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃபோர்க்லிஃப்டால் அடித்தகட்டைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோதே சின்னதாகத் தெரிந்தது. டேப் வைத்து அளந்தேன். முப்பது அங்குலம். நாற்பத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பது. வேறு பெட்டியில் இன்னொரு தகடு இருக்குமோ என்று எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். இல்லை.

எங்கள் ஷாப் ஃபோர்மனுக்கு போன் செய்தேன். பதினைந்து வருடமாக அங்கே இரும்பு வேலை பார்க்கிறவர், சொன்ன அளவில் மயிரிழை தவறாதவர். ஞாயிறு என்றாலும் எடுத்தார். சேல்ஸ் மேனேஜர் வந்து தகட்டைச் சிறிதாக்கச் சொன்னார், எனக்குச் சந்தேகமாக இருந்தது, அதனால்தான் உனக்குப் படம் அனுப்பிக் கேட்டேன், நீ சரி என்றாயே என்றார்.

நான் சொல்லவே இல்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை போனில் பழைய மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. இருந்தது. தகட்டின் படம், கீழே "இது ஓகேயா?" என்ற கேள்வி, அதற்குக் கீழே சரி என்று நான் அனுப்பிய கட்டைவிரல் சின்னம். நேரத்தைப் பார்த்தேன். மகளின் ஸ்கூல் வாசலில் கார் வரிசையில் நின்றிருந்த நேரம். வரிசை நகர்ந்திருக்கும், பின்னால் ஹாரன் அடித்திருப்பார்கள், வெல்டிங்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தட்டியிருப்பேன். படத்தைப் பெரிதாக்கினால் தகட்டின் மேல் அவர் வைத்திருந்த டேப் தெரிந்தது. முப்பது என்ற எண்ணும் தெரிந்தது. அந்த ஹாலின் நடுவில் என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

குழுத் தலைவி எங்கெங்கோ போன் செய்து இரும்புத் தகடு தேடினார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பட்டறையும் திறந்திருக்கவில்லை. ஹாலுக்குள் வெல்டிங் செய்யவும் அனுமதி கிடையாது. அப்போது சேல்ஸ் மேனேஜர் கிளையன்ட்டின் ஆட்கள் இருவரோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே தமிழுக்கு மாறினார்.

"மூணு நாள் ஷோம்மா. காத்தா அடிக்கப் போகுது உள்ள? சைன் பண்ணிடு."

"காத்து வேண்டாம். கிளீன் பண்றவங்க ஒரு ஏணியைச் சாச்சு வெச்சாப் போதும், விழுந்துடும்."

"நீ எப்பவுமே டபுள் சேஃப்டி போடுவேன்னு எனக்குத் தெரியாதா? அதுல கொஞ்சம் குறைச்சாதான் என்ன?"

"நாலடில இருந்து ரெண்டரை அடிக்கு வந்துட்டீங்க. அந்த சேஃப்டி எல்லாம் போயாச்சு. நான் போட மாட்டேன்."

"உன்னை இங்க கொண்டு வந்தது யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

சிரித்த முகத்தோடுதான் இதையும் சொன்னார். கிளையன்ட்டின் ஆட்கள் இருவரும் எங்கள் பாஷை இனிமையாக இருக்கிறது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி, அவர்களிடமே நேராக ஆங்கிலத்தில் பேசினேன். தகடு டிராயிங்கில் உள்ளபடி இல்லை, இந்த உயரத்தில் கோபுரம் நிற்காது, நான் கையெழுத்திட முடியாது என்றேன். இருவரில் மூத்தவர் சேல்ஸ் மேனேஜரிடம் திரும்பி, இது என்ன கூத்து என்கிற தொனியில் பேச ஆரம்பித்தார்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. கோபுரம் எட்டெட்டு அடியாக இரண்டு துண்டு, நடுவில் போல்ட். மேல் துண்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வால்வைத் தரையில் வைத்தால் இந்தத் தகடு தாங்கும். பெட்டி மூடியின் மேல் காகிதம் வைத்து இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாங்கியது. குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்களைக் கூப்பிட்டார். தகரம் சுற்றிய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, கறுப்புத் துணி போர்த்தி, அதன் மேல் வால்வை உட்கார வைத்தோம். எட்டடிக் கோபுரம் பக்கத்து பூத்தின் பேனருக்குப் பின்னால் காணாமல் போனது. பார்க்கவே சகிக்கவில்லை. டிராயிங்கில் மாற்றத்தைக் குறித்து, அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உச்சியில் இருந்திருந்தால் ஒருவரும் தொட்டிருக்க முடியாத வால்வு இப்போது இடுப்பு உயரத்தில் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். திருப்புகிறவர்களிடம் கம்பெனி ஆட்கள் பேச்சுக் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் அந்த மூத்தவர் சேல்ஸ் மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நியூஜெர்சி திரும்பிய பிறகு மீட்டிங் நடந்தது. வால்வைக் கைக்கெட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தது கடைசி நேரத்தில் தனக்குத் தோன்றிய யோசனை என்று சேல்ஸ் மேனேஜர் சொன்னார். முதலாளி மெச்சிக்கொண்டார். தகட்டின் பேச்சு வந்ததும் சேல்ஸ் மேனேஜர் போனை எடுத்து, ஃபோர்மன் தனக்கு அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் படத்தையும் என் கட்டைவிரலையும் காட்டினார். பார்க்காமல் அனுப்பினேன், தப்புதான் என்றேன். ஆனால் தகட்டைக் குறைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். அதெல்லாம் தோண்ட வேண்டாம் என்று முதலாளி பேச்சை முடித்துவிட்டார். அந்த வாரமே எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. சேல்ஸ் மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் கணவரிடம் சொல்லிப் புலம்பினேன். யாருக்கும் அடிபடவில்லையே, விடேன் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அடிபடாமல் இருந்ததற்குக் காரணமானவளுக்கு எச்சரிக்கை, காரியத்தைக் கெடுத்தவருக்குக் கைகுலுக்கல் என்பதை விழுங்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

ஃபோர்மனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் படம் அனுப்புவதில்லை. ஒரு போல்ட்டின் நீளம் மாறினாலும் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, கையெழுத்துப் போடும்வரை நிற்கிறார். நான் ஒவ்வொரு வரியையும் படித்துப் போடுகிறேன். முன்போல அவர் ஊர்க் கதை பேசுவதில்லை, மகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்பதில்லை. தாளை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார்.