அழிக்கச் சொன்ன பெயர்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பனி உருகாத ஒரு மாசி மாதத்தில், நாங்கள் வாழும் டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் இது நிகழ்ந்தது. தொழிற்சாலை வேலையிலிருந்து இளைப்பாறிய நான் மகனின் குடும்பத்தோடு இருக்கிறேன். பேத்திக்கு அப்போது பதின்மூன்று வயது.

அவளது வகுப்பில் சீன நாட்டின் பண்பாட்டையும் சமூகத்தையும் பற்றிய பாடம் ஒன்று தொடங்கியிருந்தது. கிழமைக்கு ஒரு முறை சீனாவிலிருந்து ஓர் ஆசிரியை காணொளி அழைப்பில் தோன்றி ஆங்கிலத்தில் கற்பிப்பார். முதலிரு கிழமைகளும் தேநீர், புத்தாண்டு என்று கழிந்தன, நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் கிழமை பேத்தி பெரிய தாளொன்றை மேசையில் விரித்தாள். அப்பா வழியில் யார், அம்மா வழியில் யார், எவர் மூத்தவர், எவர் இளையவர், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கிளைகிளையாக எழுதத் தொடங்கினாள்.

"உது ஆர் கேட்டது?"

"சீனா ரீச்சர்."

"அவவுக்கு என்னத்துக்கு எங்கட ஆக்களின்ர விபரம்?"

வீட்டுப்பாடம்தானே என்று அவள் டேனிஷில் பதில் சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேள்விகளின் ஒழுங்கு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அப்பா, அம்மா, தம்பி, தான் என்ற நால்வரை மட்டும் விட்டு மற்ற எல்லோரையும் அழிக்கச் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தாள்.

மாலையில் மகன் கேள்விப்பட்டுச் சிரித்தான்.

"அப்பா, இஞ்ச வந்து முப்பது வருசம் தாண்டிட்டுது. நீங்கள் இன்னும் ஆமிச் சென்றியிலதான் நிக்கிறியள்."

"ஓம், நிக்கிறன். வீட்டில இருக்கிற ஆக்களின்ர பேரை ஆமிக்கு எழுதிக் குடுத்தது நான். நீ இல்லை."

அவனது சிரிப்பு நின்றது. அந்தக் கதை அவனுக்குத் தெரியும். போர்க்காலத்தில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருப்போரின் பட்டியலை ஒப்படைக்குமாறு இராணுவம் பணித்தபோது, அழகாக எழுதுபவன் என்று வீட்டார் என்னிடமே தாளைத் தந்தார்கள். வயது வரிசைப்படி எழுதினேன். ஒரு கிழமையின் பின் அதே தாளைக் கையில் பிடித்தபடி வந்து என் தம்பியின் பெயரை வாசித்தார்கள். அவன் திரும்பி வரவில்லை. நாங்கள் இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது பேத்தி கதவருகே நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த பாடத்தைப் பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்று பாடசாலை அறிவித்தது. மகனுக்கும் மருமகளுக்கும் வேலை. நான் போனேன். பார்ப்பதற்கு என்பதைவிட, கண்காணிப்பதற்கு என்பதே உண்மை.

வகுப்பின் கடைசிக் கதிரையில் அமர்ந்தேன். திரையில் ஆசிரியை இன்முகத்தோடு பேசினார். ஆனால் அவருக்குப் பின்னால் பாதி திறந்த கதவோரம் ஒரு முதியவர் கைகளைப் பின்னால் கட்டியபடி அசையாமல் நின்றார். மேற்பார்வைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். என் ஐயம் சரியாயிற்று என்பதில் ஒரு திருப்தியும் உண்டாயிற்று.

பேத்தியின் முறை வந்தது. தாளில் நான்கு பெயர்கள். வேறு உறவினர் இல்லையா என்று ஆசிரியை கேட்டார். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அவளது காதுகள் சிவந்திருந்தன. ஆசிரியை வற்புறுத்தவில்லை. தங்கள் நாட்டில் தந்தையின் அண்ணனுக்கு ஒரு முறைப்பெயர், தம்பிக்கு வேறொரு முறைப்பெயர் என்றும், அதனாலேயே மூத்தவர் இளையவர் என்று கேட்டதாகவும் விளக்கி, உங்களில் எவர் வீட்டிலாவது அப்படி உண்டா என்று வினவினார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. பெரியப்பா, சித்தப்பா என்று நாள்தோறும் தொலைபேசியில் கதைக்கும் பிள்ளை தலைகுனிந்து நின்றாள்.

அவ்வேளை அந்த முதியவர் முன்னே வந்து குனிந்து திரைக்குள் உற்றுப் பார்த்தார். ஆசிரியை நாணத்தோடு சிரித்தார். அவர் தம் கணவரின் தந்தை என்றும், வெளிநாட்டவர்கள் எங்கள் வீட்டு விடயங்களை ஏன் கேட்கிறார்கள் என்று ஐயுற்று ஒவ்வொரு கிழமையும் வந்து கதவடியில் நிற்பார் என்றும் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் அங்கே நின்ற காரணத்துக்காகவே நானும் இங்கே அமர்ந்திருந்தேன்.

எழுந்தேன். பிள்ளை சரியாகத்தான் எழுதினாள், அழிக்கச் சொன்னவன் நான் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் ஆசிரியையிடம் சொன்னேன்.

"அப்பப்பா, இருங்கோ," என்று பேத்தி வெட்கத்தோடு முணுமுணுத்தாள். ஆனால் வகுப்பின் வெண்பலகைப் பேனையை எடுத்துவிட்டாள். அப்பப்பாவான நான், கனடாவிலுள்ள பெரியப்பா, அயல்நகரான சில்க்போர்க்கிலுள்ள சித்தப்பா, மாமாமார், மாமிமார் என்று பலகையை நிறைத்தாள். ஒவ்வொருவருக்கும் சீனத்தில் என்ன முறை என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் என் பெயருக்குப் பக்கத்தில் பேனையை வைத்தபடி, மற்றவர்களுக்கு விளங்காத தமிழில் கேட்டாள்:

"உங்கட தம்பியையும் எழுதட்டோ?"

தலையசைத்தேன்.

"எழுது பிள்ளை."

என் ஐயம் முற்றாக அகன்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். யாராவது பெயர் விபரம் கேட்டால் எதற்கு என்று இன்றும் கேட்கிறேன். ஆயினும் அன்று மாலை பேத்தி அந்தப் பெயர்களையெல்லாம் மீண்டும் எழுதிய தாள் எங்கள் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. இராணுவத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தாளுக்குப் பின், என் தம்பியின் பெயர் குடும்பத்தோடு சேர்ந்து நிற்கும் தாள் அது ஒன்றுதான்.