ஊசியம்மா, மோட்டாரம்மா, செடியம்மா

ஒரே கையில் கிரீஸ் வாசமும் அடிக்கும், ஸ்பிரிட் வாசமும் அடிக்கும்... அப்படி ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் டாக்டரம்மாவின் கை!

கல்யாணமான புதிதில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு வேலைக்குப் போனேன். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கூட்டுவது, துணி அலசுவது, வெந்நீர் வைப்பது என் வேலை. மற்ற எல்லாமே டாக்டரம்மா வேலை. நிஜமாகத்தான் சொல்கிறேன்... எல்லாமே!

காலையில் ஊசி போடுவார். மத்தியானம் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடப்பார். சந்தையில் மாவு மிஷின் நின்றுபோனால் ஸ்பேனரோடு கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் போய் இலை, பூ, வேர் என்று பார்த்துப் பார்த்துப் படம் வரைவார். ஏதோ பொழுதுபோகாமல் வரைவது இல்லை. பட்டணத்துக் காலேஜ் வாத்தியார்களே வந்து, அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்க எழுதிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் பிடில் வேறு!

"நாலு வேலை செய்றவ நாலையும் கெடுப்பா" என்பார் என் மாமியார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

மலையில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில் காடுதான். எந்த ஊரில் எந்த வேலை செய்தாரோ அந்தப் பேர்தான் அங்கே அவருக்கு. ஒரு ஊரில் ஊசியம்மா. இன்னொன்றில் மோட்டாரம்மா. அந்தப் பக்கம் செடியம்மா. கடைசியில் ஆஸ்பத்திரியில் மூன்று அம்மாக்கள் இருப்பதாகவே பேச்சு! அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கீழே எங்கள் ஊரிலும் அப்போது மேளத்துக்கு ஒரு வீடு, மருந்துக்கு ஒரு வீடு, இரும்படிக்க ஒரு வீடு என்றுதானே இருந்தது.

ஒரு நாள் நல்ல மழை. டாக்டரம்மா ஜீப் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். முழங்கை வரைக்கும் கருப்பு.

நாலு பேர் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளே ஒரு பெண். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. அவள் புருஷன், பேர் வெள்ளையன், முன்னால் வந்து நின்றான்.

"மோட்டாரம்மா, ஊசியம்மா எங்கங்க?"

"நான்தாம்பா. சீக்கிரம் உள்ள தூக்கினு வா."

அவன் அந்தக் கையைப் பார்த்தான்.

"வெளயாடாதீங்கம்மா. நீங்க சந்தையில மாவு மிஷினு பாத்தவங்க. இரும்பு திருவுற கை எம் பொஞ்சாதி மேல படக் கூடாது. ஊசியம்மா இல்லன்னா சொல்லுங்க, கீழ தூக்கினு போயிடறோம்."

கீழே என்றால் கள்ளக்குறிச்சி. மழையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜீப்போ பிரிந்து கிடக்கிறது. தூளிக்குள் முனகல் குறைந்துகொண்டே வருகிறது...

"யோவ், இவங்கதான்யா அவங்க!" என்று கத்தினேன்.

"இன்னாமா, ஏமாத்தப் பாக்கறியா? ஒரு கைக்கு ஒரு தொழிலுதாம்மா!"

டாக்டரம்மா என் காதோரம் குனிந்தார். "பச்சையம்மா, சண்டை போட நேரமில்ல. நான் பின்பக்கம் போறேன். ஊசியம்மாவ நீ கூட்டிட்டு வா."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இருய்யா, சமையக்கட்டுல சாப்டுகினு இருக்காங்க. கூட்டினு வரேன்!"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி... அந்த வேகத்தில் நான் எந்தக் கையையும் கழுவியதில்லை. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் துணி, வாய்க்கு மறைப்பு. ஊசியம்மா வந்துவிட்டார்!

வெள்ளையன் கும்பிட்டான். "ஊசியம்மா, நீங்கதான் காப்பாத்தணும். அந்த மோட்டாரம்மா வழிய மறிச்சிகினு நின்னுச்சிங்க!"

சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்தேன். உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. குழந்தை தலை திரும்பி மாட்டியிருந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு, கையால் தேடித் தேடி, கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, மறுபடி திருப்பி... நெற்றியெல்லாம் வேர்வை.

பெண் குழந்தை. அழவில்லை! முதுகைத் தேய்த்தார், காலைத் தட்டினார், ஊதினார்... அப்புறம் கேட்டதே ஒரு சத்தம்! மழைச் சத்தத்தையே அமுக்கிவிட்டது!

மறைப்பைக் கழற்றிக் குழந்தையை நீட்டினார். வெள்ளையன் குழந்தையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். காது மடலில் ஒரு கோடு கிரீஸ்.

"அப்ப... மோட்டாரம்மா?"

"நான்தான்."

"செடியம்மா?"

"அதுவும் நான்தாம்பா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"அப்ப எப்பதாங்க தூங்குவீங்க?"

டாக்டரம்மா அன்று சிரித்த சிரிப்பு! பிறகு என்னிடம் சொன்னார்: "மாட்டிகிட்ட நட்டு போல்ட்ட பலமா திருவினா உடைஞ்சிடும் பச்சையம்மா. எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும். அத எனக்கு காலேஜ்ல சொல்லித் தரல. ஜீப்தான் சொல்லித் தந்துச்சு."

இப்போது மலைக்கு நல்ல ரோடு இருக்கிறது. போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. விரலுக்கு ஒரு டாக்டர்கூட இருக்கிறார். நல்லதுதான். ஆனாலும் அப்படி ஒரு கையை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இல்லை... என் வீட்டிலேயே ஒன்று முளைத்திருக்கிறது! என் பேத்தி தேன்மொழி. இஞ்சினியருக்குப் படிக்கிறாள். மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்புக் கொல்லைகளில் டிரோன் பறக்கவிட்டு மருந்து அடிக்கிறாள். கால்பந்தில் மாவட்டத்துக்கு ஆடுகிறாள். பாடினால் தெருவே நிற்கும்.

போன வாரம் உளுந்தூர்பேட்டைக் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். "எதுனா ஒண்ண புடிச்சிக்கடி, மத்தத வுட்டுடு." என் மகனும் அவர்களோடு தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் வாடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆயா, நீயே சொல்லு. எத வுடட்டும்?"

நான் அஞ்சாவதோடு நின்றவள். வாழ்க்கையில் நான் விட்டது ஒன்றே ஒன்றுதான், படிப்பு. அதுவே இன்னும் நெஞ்சுக்குள் உறுத்துகிறது.

"ஒண்ணுத்தயும் வுடாத" என்றேன். "போய் மொதல்ல சாப்டு."